மூங்கிலில் ஏறிய நட்சத்திரம்

சுதந்திரம் வந்த புதிதில், மைசூரில் ஒரு டிசம்பர் மாலை, சாமுண்டி மலைக்கு மேல் வெள்ளித் தட்டு போல் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் நின்றுவிட்டுப் பறந்ததைப் பள்ளி ஆசிரியரான அப்பா பார்த்தார். பார்த்ததோடு விடாமல் எல்லோரிடமும் சொன்னார். மறுவாரம் ராணுவ ஜீப் எங்கள் வாசலில் நின்றது.

தமிழ் பேசிய அதிகாரி, எங்கள் வீட்டு மூங்கிலில் தொங்கிய கிறிஸ்துமஸ் காகித நட்சத்திரத்தைக் காட்டினார்.

"வாத்தியாரே, நீர் பார்த்தது இதைத்தானே? இல்லேன்னா புத்தி சரியில்லைன்னு எழுதிடுவேன். வேலை போயிடும்."

"இல்லை சார். அது மலைக்கு மேலே நின்னுது."

"ஐயோ, எங்க ஸ்டார்தான் சார்," என்று அம்மா குறுக்கே வந்தாள். "சாயங்காலமானா இவருக்குக் கண்ணு தெரியாது."

அதிகாரிக்கு அது போதவில்லை. தெருவே கூடி நிற்க, நட்சத்திரத்தை இறக்கச் சொல்லி, அப்பாவையே கயிற்றை இழுத்து மறுபடி ஏற்ற வைத்தார்.

"இப்பச் சொல்லும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, "நான் பார்த்தது இதுதான் சார்," என்றார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

வேலை தப்பியது. அந்தச் சம்பளத்தில்தான் நான் வளர்ந்தேன். ஒவ்வொரு டிசம்பரிலும் அம்மா, "நீங்களே ஏத்துங்க, ஏத்தலேன்னா சந்தேகப்படுவாங்க," என்பாள். அப்பா மேலே பார்க்காமல் கயிற்றை இழுப்பார்.