காதால் படித்த ஆங்கிலம்

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது என் மகள் இரண்டாம் வகுப்பு. நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, கேரளத்தில் பொன்முடி போகிற வழியில் கல்லாறு என்ற ஊரில் டீக்கடை போட்டிருந்தோம். ஆங்கில டீச்சர் பாடத்தை வாசித்துப் போனில் அனுப்புவார். மகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். பிறகு புத்தகத்தை விரித்து, வரியில் விரலை ஓட்டி, தடங்கலில்லாமல் வாசிப்பாள். தமிழ் மீடியத்தில் பத்தாவதோடு நின்றவள் நான். எனக்குப் பெருமை தாங்காது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டச் சொல்வேன்.

பள்ளி திறந்த பிறகு பெற்றோர் கூட்டம் நடந்தது. முடிந்ததும் டீச்சர் எங்களை மட்டும் இருக்கச் சொன்னார். பாடத்தில் இல்லாத ஒரு கதைப் புத்தகத்தை மகளிடம் கொடுத்து, "வாசி மோளே" என்றார். அவள் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் வாயைப் பார்த்தாள். அங்கிருந்து சத்தம் வரட்டும், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவள் போல. ஒன்றும் வரவில்லை.

"சேச்சி, மோளுக்கு எழுத்தே சேர்க்கத் தெரியலை. கேட்டதை அப்படியே மனப்பாடம் பண்ணியிருக்கு. கிளாஸில பாதிப் பேரும் இப்படித்தான். திட்டாதீங்க கேட்டோ."

திட்ட எனக்கு என்ன இருந்தது?

டீச்சர் மாலையில் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு இருந்தால் பள்ளி விடுகிற நேரத்துப் பஸ் போய்விடும். அடுத்த பஸ் வருவதற்குள் இருட்டிவிடும். காட்டு ரோட்டில் யானை இறங்கும். நான் கடையை அடைத்துவிட்டு ஆட்டோவில் போய்க் கூட்டி வருவேன். அவள் சின்னச் சின்ன வார்த்தைகளைக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். அந்தச் சமயத்தில் டீச்சருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவரிடம் போய்க் கேட்டேன். "போர்ஷன் தீர்க்கவே சமயமில்லை, சேச்சி" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

பிறகு நானே அவளோடு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தியின் படத்துக்குக் கீழே இருந்த வார்த்தையை எழுத்தெழுத்தாகக் கூட்டி, "க்னைஃப்" என்றேன்.

"டீச்சர் நைஃப்னாக்கும் சொன்னது. அப்போ இந்தக் கே எதுக்கும்மா?"

"எனக்குத் தெரியலம்மா. டீச்சர்ட்டயே கேளு."

"கேட்டா எல்லாரும் சிரிக்கும்."

புத்தகத்தை மூடிவிட்டு அவள் ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்லிக்கொடுப்பேன்?

வருஷா வருஷம் தேர்ச்சி போட்டுவிட்டார்கள். இப்போது எட்டாம் வகுப்பு. போர்டில் இருப்பதை அச்சு மாதிரி எழுதி வருகிறாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டால், "அறியில்லா" என்கிறாள்.

போன வாரம் வெளிநாட்டுத் தம்பதி கடைக்கு வந்து ஏதோ கேட்டார்கள். நான் மகளைப் பார்த்தேன். அவள் சட்டென்று குனிந்து, கழுவி வைத்த கிளாஸ்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அந்தப் பெண் இன்னொரு முறை மெதுவாகக் கேட்டாள். எனக்குப் புரியவில்லை. சிரித்தேன். அவர்களும் சிரித்துவிட்டுக் காருக்குத் திரும்பிப் போனார்கள்.