முதல் வரியில் இருந்த உ

நீங்கள் பொய் எழுதினீர்கள். அறிக்கையில் 'பயனாளர் பிழை' என்று இரண்டு சொல் போட்டு அண்ணையை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பவைத்தீர்கள். உங்கள் மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடம் பரிசோதகராக இருந்தவள் நான். அன்று காலை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு எழுத்துத்தான். உ. நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடும் அவர் எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் தொடங்குவார். கடைச் சாமான் பட்டியல், லீவுக் கடிதம், கணினியில் தட்டும் கோப்பு, எல்லாவற்றுக்கும். சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போகும் வான்களை அனுப்புவது அவர் வேலை. லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு தளபாடக் கடைக்கு மேலே அலுவலகம். எங்கள் மென்பொருளைப் பழக்க நான் இரண்டு கிழமை அவர் பக்கத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு விலாசம் இருக்கும். அண்ணை அதை நம்பமாட்டார். எங்கள் வயதுபோனவர்கள் ஒரு கிழமை மகனோடு மோர்டனில், மறு கிழமை மகளோடு நகரின் மறுகோடியில் பார்க்கிங் என்ற இடத்தில். ஆகவே தினமும் பின்னேரம் எல்லோருக்கும் போன் எடுப்பார். "அம்மா, நாளைக்கு எங்க நிப்பியள்? மருமகளோட கோவமோ, ராசியோ?" அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கும் கேட்கும். பிறகு மேலே உ போட்டுத் தன் பட்டியலைத் தட்டுவார். காலையில் விலாசங்களை எங்கிருந்து எடுப்பது என்று திரை கேட்கும். மூன்று தெரிவு: தானாக, கோப்பு, பதிவேடு. அவர் 'கோப்பு' என்பதை அழுத்துவார். "பிள்ளை, கடையில மரக்கறி ரொட்டி கேட்டா மரக்கறி ரொட்டி தரவேணும். இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லவேணும். ஆட்டிறைச்சி ரொட்டியைச் சுத்தித் தரக்கூடாது" என்பார்.

புதிய பதிப்பில் நீங்கள் ஒரு ஊகத்தைச் சேர்த்தீர்கள். ஆள் எதைத் தெரிவுசெய்தாலும் மென்பொருள் கோப்பின் முதல் வரியைப் பார்க்கும். அது 'பெயர், விலாசம்' என்பதுபோல ஒரு தலைப்பு வரியாக இல்லையென்றால், இது பட்டியல் இல்லை என்று தானே முடிவெடுத்துப் பதிவேட்டுக்குப் போய்விடும். சொல்லாமல் போகும். பரிசோதனையில் நான் அதைக் கண்டேன். ஆள் 'கோப்பு' என்று சொன்ன பிறகு நாம் ஏன் ஊகிக்கிறோம் என்று கேட்டேன். "சனம் மாறி அமத்தும். நாங்கள்தான் திருத்திக் குடுக்கவேணும்" என்றீர்கள். அந்தப் பதிப்பை வெளியிடலாம் என்று நான் கையெழுத்து வைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

புதிய பதிப்பு வந்த திங்கட்கிழமை அண்ணையின் கோப்பில் முதல் வரி உ; மென்பொருள் பதிவேட்டுக்குப் போக, ஒரு அம்மாவை ஏற்றவேண்டிய வான் மோர்டனில் மகன் வீட்டுக்குப் போனது. சாரதி பூட்டிய கதவைத் தட்டி, 'ஆள் இல்லை' என்று பதிந்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா பார்க்கிங்கில், மகள் வீட்டில், கோட்டும் சப்பாத்தும் போட்டபடி மதியம் வரை கதிரையில் இருந்தார். அண்ணை சொன்னால் வான் வரும் என்று போன்கூட எடுக்கவில்லை. மறுநாள் மூச்சு முட்டி அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார்.

கணினியில் அன்றைய பதிவைத் திறந்தேன். பயனாளர் தெரிவு: கோப்பு. எடுத்தது: பதிவேடு. ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. உங்களுக்குக் காட்டினேன். "பைலுக்கு மேல கண்டதையும் எழுதினா நாங்கள் என்ன செய்யிறது?" என்றீர்கள். நீங்களும் யாழ்ப்பாணத்தில் படித்தவர்தான். அந்தக் 'கண்டது' என்னவென்று தெரிந்துதான் சொன்னீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. மேசைக்குத் திரும்பித் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். கோபம் வேலையை விட்ட பிறகுதான் வந்தது, அதுவும் விட்டு விட்டு.

போன மாதம் அண்ணையைப் பார்க்கப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டவர் முதலில் கேட்டது இதைத்தான்: "பிள்ளை, நான்தான் மாறி அமத்திப்போட்டனோ?"

"இல்லை அண்ணை. நீங்கள் சரியாத்தான் அமத்தினனீங்கள்."

"ஓம், நீ அப்பிடித்தான் சொல்லுவாய்."

குளிர்பெட்டிக் கதவில் அவர் எழுதிய சாமான் பட்டியல் ஒட்டியிருந்தது. பருப்பு, பால்மா, வெங்காயம். மேலே உ இல்லை. முதல் வரியிலேயே பருப்பு.

நான் சொல்லி அவர் நம்பப்போவதில்லை. நீங்கள் சொல்லவேண்டும். தனியாகப் போன் எடுத்துச் சொல்லவேண்டாம். அந்த அறிக்கை யார் யாருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் முன்னால், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். அண்ணை எதை அழுத்தினார்? உங்கள் மென்பொருள் எதை எடுத்தது?