லிவர்மோருக்குப் போன மாரிஸ் மைனர்

எங்கள் அப்பா ஒரு டோஸ்டர் வாங்குவதென்றால்கூட நாலு பேரைக் கேட்டு, லைப்ரரியில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, கடைசியில் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வருகிற ஆள். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், தன்னைவிட வயதில் மூத்த ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து, சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் நிறுத்தினார். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது.

மாரிஸ் மைனர் என்று பெயர் சொன்னார். இங்கிலாந்திலிருந்து குடிவந்த ஒரு கிழவர் அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, பெட்டலூமாவில் ஒரு ஷெட்டில் போட்டு வைத்திருந்தாராம். க்ரீம் நிறம். கவிழ்த்து வைத்த இட்லிச் சட்டி மாதிரி ஒரு உருவம். ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது. திரும்பும்போது சிக்னல் விளக்குக்குப் பதிலாகக் கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். எங்கள் காம்ப்ளெக்ஸ் பிள்ளைகளெல்லாம் அந்தக் கையைப் பார்க்க ஓடி வந்தார்கள். அப்பா அவர்களுக்காக நின்ற இடத்திலேயே அதை நீட்டியும் மடக்கியும் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கண் மட்டும் எங்கள் வீட்டுக் கதவிலேயே இருந்தது.

அம்மா கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்பக்கம் ஒரு நிமிஷம் நின்றாள்.

"எங்கப்பாவுது சாம்பல் கலருங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

"பெயிண்ட் அடிச்சுக்கலாம்" என்று அப்பா மூடிய கதவிடம் சொன்னார்.

பொள்ளாச்சியில் அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, தேங்காய் வியாபாரம் செய்தவர். அவரிடம் ஒரு மாரிஸ் மைனர் இருந்தது. அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கும், பிறகு கோயமுத்தூரில் காலேஜுக்கும், கடைசியில் கல்யாண மண்டபத்துக்கும் அதில்தான் கொண்டுபோய் விட்டார். அந்த வருஷம் பிப்ரவரியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். ஃபோன் வந்த உடனே அம்மா பெட்டியை எடுத்துக் கட்டினாள். அப்போது எங்களுக்கு கிரீன் கார்டு விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தது. நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப வருவதற்கான அனுமதிக் காகிதம் கைக்கு வந்திருக்கவில்லை. இப்போது போனால் திரும்ப வர முடியாது, இத்தனை வருஷம் காத்திருந்தது வீணாகிவிடும் என்று அப்பா சொன்னார். அம்மா கட்டிய பெட்டியைப் பிரித்துப் புடவைகளைத் திரும்ப அடுக்கி வைத்தாள். தாத்தாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை அவள் பார்க்கவில்லை. அதிலிருந்து வீட்டில் சமையல் நடந்தது, துணி துவைப்பது நடந்தது, எனக்கு ஹோம்வொர்க் நடந்தது. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வது மட்டும் பால், பில், பிள்ளை என்று சுருங்கிப்போனது.

இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காருக்கும் இதற்கும் ஒரு முடிச்சு இருக்கிறதென்று எனக்குத் தோன்றவில்லை. ஆம்பிளைகளுக்கு வயதானால் இப்படி ஏதாவது கிறுக்குப் பிடிக்கும் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னதை நம்பினேன்.

அம்மா அந்தக் காரில் ஏறவில்லை. பெட்ரோல் நாற்றம் என்றாள். இடுப்பு வலி என்றாள். கோடை முழுக்க அப்பா ஒவ்வொரு சாக்காகத் தீர்த்துவைத்தார். நாற்றம் போகத் தரைவிரிப்பை மாற்றினார். இடுப்புக்கு மெத்தை தைத்துப் போட்டார். சாக்குகள் தீர்ந்துபோன ஒருநாள் அம்மா, "பூசை போடாத வண்டீல நான் ஏற மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டாள். பேச்சை முடிக்கத்தான் அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா அதை ஒரு வாசல் திறந்த மாதிரி எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலில் கார் பூஜை என்று ஏற்பாடாகிவிட்டது. சொன்ன வாய்க்குக் கட்டுப்பட்டு அம்மாவும் கிளம்பினாள்.

இடது பக்க முன்சீட்டில் அம்மா உட்கார்ந்தாள். நான் பின்னால். ஃப்ரீவேயில் எங்களைத் தாண்டிப்போன எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கணக்குப்படி அது டிரைவர் சீட். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் ஸ்டியரிங்கே இல்லாமல், மடியில் தேங்காய்ப் பையோடு கார் ஓட்டிப் போகிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணாடி வழியாக எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டே வந்தேன்.

சுனோல் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. பானெட்டிலிருந்து ஆவி வந்தது. அப்பா ஓரங்கட்டி இறங்கி, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"தொடாதீங்க" என்று அம்மா இறங்கி ஓடினாள். "ஈரத்துணியப் போடுங்க மொதல்ல. ஆறட்டும். எங்கப்பா வால்பாற ஏத்தத்துல ஒவ்வொரு வளைவுக்கும் இப்படித்தான் நிறுத்துவாரு. நான்தான் தண்ணிச் செம்பு புடிச்சுட்டு நிப்பேன்."

பிப்ரவரிக்குப் பிறகு அம்மா தாத்தாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பா துண்டை நனைத்து மூடிமேல் போட்டார். காய்ந்த புல் மேட்டைப் பார்த்தபடி இரண்டு பேரும் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றார்கள். லாரிகள் இரைந்துகொண்டு போயின. அம்மா என்னவோ சொல்ல, அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எனக்கே நாளாகியிருந்தது. வண்டி கெட்டுப்போனதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்படுவானா என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷம்தான் அவரைக் கெடுத்தது. கோயில் பார்க்கிங்கில் குருக்கள் கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "யார் பேருக்கு? பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ" என்று கேட்டார்.

அப்பா தாத்தாவின் பெயரைச் சொன்னார். உத்திராடம் என்றார். பொள்ளாச்சிக்கு ஃபோன் போட்டு மாமாவிடம் நட்சத்திரத்தை மெனக்கெட்டுக் கேட்டு வைத்திருந்தவர், இப்படிச் செய்யலாமா என்று மட்டும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் பேருக்குத்தான் அர்ச்சனை என்பதும், போனவர்களுக்குத் திதியும் தர்ப்பணமும்தான் என்பதும் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா சாமி விஷயத்தில் அவ்வளவு கெட்டி. மாமனாருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துவிட்டார்.

குருக்கள் மந்திரத்தில் அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். தீர்க்காயுள், ஆரோக்கியம் என்று வந்தது.

"சாமி, நிறுத்துங்க" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. "அவரு இல்லீங்க. செத்துப் போயிட்டாருங்க."

அதுவரை எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. 'தாத்தா போயிட்டாங்க' என்றுதான் சொல்வோம், ஏதோ கடைக்குப் போன மாதிரி. குருக்கள் தட்டைத் தாழ்த்தினார். வண்டி ஓட்டுகிறவர் பேரைச் சொன்னால் போதும் என்று பதமாகச் சொன்னார். இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் அப்பா தன் பெயரைச் சொன்னார். கற்பூரம் காட்டினார்கள். அப்பா வண்டியை முன்னால் நகர்த்த, எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அந்தச் சத்தத்துக்குக் கைதட்டியது நான் ஒருத்திதான்.

பிறகு பின்சீட்டில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் காருக்கு வெளியே நின்றிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. தமிழ் எனக்கு நன்றாகப் புரியும், பதில்தான் இங்கிலீஷில் வரும்.

"சான் ஃபிரான்சிஸ்கோ இமிக்ரேஷன் ஆபீஸுக்கு நேர்ல போய், உங்கப்பா எறந்துட்டாருன்னு காட்டியிருந்தா, அன்னைக்கே பேப்பர் குடுத்திருப்பாங்களாம்" என்றார் அப்பா. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் யாரையும் கேக்கல. பயந்துட்டேன். அப்புறமாத்தான் கூட வேல பாக்கறவர் சொன்னாரு."

"எனக்குத் தெரியுங்க" என்றாள் அம்மா.

அப்பா நிமிர்ந்தார்.

"அந்த வாரமே தமிழ் கிளாஸ் ஆன்ட்டி சொல்லிட்டாங்க. நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். காரு வாங்கிட்டு வந்தீங்க."

எப்போதும் இருக்கிற கிரீன் கார்டு பேச்சுதான் என்று நான் முந்திரிப்பருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அப்பா இடது பக்க முன்கதவைத் திறந்து பிடித்தார். அம்மா அதைத் தாண்டி வந்து, பின்னால் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திறந்த கதவைச் சற்று நேரம் பிடித்தபடி நின்றுவிட்டு அப்பா மெதுவாகச் சாத்தினார். எனக்கு ஒரே குதூகலம். அம்மா எனக்காகத்தான் பின்னால் வந்திருக்கிறாள் என்று அவள் மடியில் தலைவைத்துப் படுத்தேன். இனிமேல் எப்போதும் இங்கேயே உட்கார வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"சரி, அம்மிணி" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். மறு வருஷம் அந்தக் காரை வேறொருவர் வாங்கிப் போகிறவரைக்கும், எங்கே போனாலும் பின்னால்தான் உட்கார்ந்தாள். ஏறமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. முன்னால் அப்பா மட்டும், வாடகைக் கார் டிரைவர் மாதிரி. நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. அப்பாவுக்காகவா அம்மாவுக்காகவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு இறக்கம் முழுக்க அப்பா நடுக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே வந்தார். பின்னால் வருகிற வண்டிகளைப் பார்க்கிறார் என்று நினைத்து நான் தூங்கிப்போனேன்.