ஒத்துப்போன இரண்டு கடிகாரங்கள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர். லேசர் போகும் வழியில் உள்ள கண்ணாடியெல்லாம் அவர் கையால்தான் துடைக்கப்பட வேண்டும். வேறு யாராவது தொட்டால் மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வீட்டில் மனைவியின் மூக்குக்கண்ணாடி வருஷக்கணக்காக மங்கலாகவே கிடந்தது, அது வேறு கதை.

அங்கே இரண்டு அணுக் கடிகாரங்கள் இருந்தன. ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் ஓடி, அப்படியும் ஒரே நேரம் காட்டினால்தான் இரண்டும் துல்லியம் என்று நம்பலாம். காட்டின, இம்மி பிசகாமல் காட்டின. இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

குழுவில் இருந்த ஆராய்ச்சிக்காரப் பெண் மட்டும் முகம் சுளித்தாள். இது அளவுக்கு மீறின ஒற்றுமை, ஒன்றின் லேசர் வெளிச்சம் துளி கசிந்து மற்றதன் அணுக்களைத் தன் தாளத்துக்கு இழுக்கிறது என்றாள். இயக்குநர் கண்ணாடிக்காரரைக் கேட்டார். என் மேஜையில் கசிவா, பேச்சுக்கே இடமில்லை என்று இவர் அடித்துச் சொன்னார். அவள் தன் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்க்க உட்கார்ந்தாள். சந்தேகப் பிராணி என்று அவளை வேறு குழுவுக்குத் தள்ள முடிவாயிற்று.

அவள் பெட்டி கட்டிய அன்று, துடைக்கிற துணி தேடி இழுப்பறையைத் திறந்தார் கண்ணாடிக்காரர். வெளிச்சத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் தடுப்பான் உள்ளே பொட்டலமாகக் கிடந்தது. துடைக்கக் கழற்றியவர் திருப்பி மாட்டவே இல்லை. அடப்பாவி, ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. சத்தமில்லாமல் மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே கூசிப்போனார்.

இயக்குநரையும் அவளையும் கூப்பிட்டு, அவர்கள் கண்ணெதிரே மாட்டினார். திரையில் ஒன்றாகக் கிடந்த இரண்டு கோடுகளும் மெல்லப் பிரிந்தன. இயக்குநர் முகம் செத்துவிட்டது. அவளோ கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பார்க்கச் சொன்னாள். கழற்றும்போதெல்லாம் கோடுகள் ஒட்டிக்கொண்டன. இத்துனூண்டு வெளிச்சமே இழுக்கிறதென்றால், அந்த இழுப்பை வைத்தே எந்தக் கருவிக்கும் எட்டாத மெல்லிய வெளிச்சத்தை அளக்கலாமே என்றாள். இயக்குநர் எச்சில் விழுங்கிக்கொண்டு, பெட்டியைப் பிரிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"மன்னிச்சிடும்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"கோபமில்லண்ணே. நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதும், என் கணக்குதான் தப்புன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். அதைத்தான் தாங்க முடியல."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.