டிரைவருக்கு எதுக்கு மெயில்?

கடலூரில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை என் பொறுப்பு. சொந்த மெயில் சர்வரை நிறுத்திவிட்டு, எங்கள் மெயில் முழுவதையும் வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தோம். ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை. பட்டியல் போடும்போது, "டிரைவருக்கு எதுக்கு மெயில்? ஹாரன் அடிக்கவா?" என்று சிரித்துக்கொண்டே கரீம் பாயின் பெயரை அடித்தது நான்தான்.

மறுவாரம் பாய் வந்து நின்றார். "சார், எம் மெயில் தொறக்க மாட்டேங்குது. பொண்ணுக்குச் சிதம்பரத்துல காலேஜ் வேல. இன்டர்வியூ லெட்டர் வரணும்."

"பொண்ணோட ஐடி குடுக்கலியா பாய்?"

"ஆபீஸ் பேரோட இருந்தா மதிப்பா இருக்கும்னு நான்தான் இதக் குடுக்கச் சொன்னேன்."

உடனே கல்லூரிக்குப் போன் போட்டேன். கடிதம் அனுப்பினார்களாம், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டதாம். இன்டர்வியூ அன்றைக்குத்தான், நான்கு மணிவரை. அப்போதே மணி இரண்டு.

லால்பேட்டையில் இருந்த மகளைச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறச் சொன்னார் பாய். தப்பு எங்களுடையது என்று கல்லூரியில் சொல்ல, நானும் அவரோடு ஆபீஸ் காரில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் இருப்புக்கொள்ளவில்லை. முன்னால் ஒரு லாரி வந்தாலும் கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்: "உங்க பேர எடுத்தது நான்தான் பாய்."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுத்தது பரவால்ல சார். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மகள் உள்ளே போனாள். வேலையும் கிடைத்தது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. மேனேஜர்களிடம் மெயில் வேண்டுமா என்று இரண்டிரண்டு தடவை கேட்ட நான், தினமும் என்னோடு டீ குடிக்கும் மனிதரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே.