ஏழாம் எண் பெட்டி

கனகாவுக்கு ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார வராது. நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் விஜயநகருக்கு வரும் பஸ்ஸிலேயே பத்து முறை போனைப் பார்த்துவிடுவாள். விஜயநகரில் ஓர் ஆய்வு அலுவலகம். அதன் மொட்டைமாடியில் காற்றிலுள்ள தூசியை அளக்கும் மலிவுப் பெட்டிகள் பத்து, நடுவில் ஒரு பெரிய கருவி. பெட்டிகள் காட்டும் எண் பெரிய கருவியின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முதலில் தேறும் பெட்டி, அவள் மகள் ரூபா படிக்கும் நஞ்சன்கூடு பள்ளிக்குப் போகும். ரூபாவுக்கு மூச்சிரைப்பு.

ஒன்றும் தேறவில்லை. பனி இறங்கினால் பத்திலும் எண் தாறுமாறாக ஏறியது. அதற்குள் ஆயுத பூஜை வந்தது. அன்று மைசூரில் லாரி முதல் லேப்டாப் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு, பெட்டிகளை மட்டும் விட மனம் வருமா? ஒன்பதுக்குச் சின்னதாகச் சந்தனம் வைத்தாள். ஏழாவதுதான் கொஞ்சமாவது வழிக்கு வரும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அதற்கு மட்டும் தாராளமாக அப்பினாள்.

மறுநாளிலிருந்து ஏழின் எண் இறங்கிவந்து பெரிய கருவியின் எண்ணோடு ஒட்டிக்கொண்டது.

"நோடி, இங்க பாரு கனகா, ஏழு ஒண்ணுதான் சரியா காட்டுது. உங்க ஸ்கூலுக்கே அனுப்பிடலாம்" என்றாள் மேலதிகாரி ஸ்வாதி.

பள்ளிச் சுவரில் ஏழு ஏறியது. நாள் முழுக்க இருபத்தைந்து, முப்பது. காற்று நன்றாக இருக்கிறதென்று மைதானத்தில் ஓட்டப் பயிற்சி தொடங்கினார்கள். ஓட முடியவில்லை, நெஞ்சை அடைக்கிறது என்று ரூபா அம்மாவிடம் வந்து நின்றாள். கனகாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"பெட்டி என்ன பொய்யா சொல்லுது? சாக்குச் சொல்லாம ஓடு புள்ள!"

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வீட்டில் மகள் இரைக்கிறாள், போனில் பெட்டியின் எண் முப்பதிலேயே நிற்கிறது. நான்காம் நாள், பனியே இல்லாமல் வெயில் காய்ந்த மதியத்தில், பள்ளியில் ஏணி கேட்டு வாங்கி ஏறினாள். பெட்டி காற்றை இழுக்கும் துளையில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. தூசி உள்ளே போனால்தானே எண் ஏறும்!

ஊசியால் குடைந்து எடுத்தாள். ஐந்தே நிமிடத்தில் முப்பது எழுபதாகி, தொண்ணூறைத் தாண்டியது. ஏணியில் நின்றபடியே ஸ்வாதியை அழைத்தாள்.

"மேடம், ஏழாம் நம்பரை அடைச்சு வெச்சது நானுங்க. பூஜைக்கு வெச்ச சந்தனமுங்க. சோதனைய மொதல்ல இருந்து பண்ணோணுங்க."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ரூபா அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப நான் பொய் சொல்லல, இல்லம்மா?"