மதராசிக் கையெழுத்து

என் வீட்டு வாசற்கதவுக்கு உட்புறம் ஓர் ஆணியில் பிறர் வீட்டுச் சாவிகள் தொங்குகின்றன. தில்லி துவாரகாவில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் யார் வெளியூர் கிளம்பினாலும் சாவியை என்னிடம்தான் விட்டுப் போகிறார்கள். சென்ற வாரம் மூன்றாம் மாடிக்குக் குடிவந்த பஞ்சாபிப் பெண் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "மதராசி அங்கிள் கிட்ட குடுத்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள். எங்கள் விருதுநகரில் சாவியைத் தருவதற்கு முன் நான் யார் வீட்டுப் பிள்ளை, என் அப்பா யாரிடம் என்ன வாங்கித் திருப்பித் தராமல் போனார் என்பதெல்லாம் விசாரிக்கப்பட்டிருக்கும். இங்கே அதெல்லாம் கிடையாது. தெற்கத்தியான், படித்தவன், அதிகம் பேசாதவன், ஆகவே நாணயமானவன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நம்பிக்கை எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன்.

வேதியியல் முதுகலை முடித்துத் தில்லிக்கு வந்த எனக்கு, மருந்துகளைச் சோதித்துச் சான்று தரும் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. என்னைவிடத் திறமையான ஆட்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் முதலாளி சோப்ரா என்னையே அறிக்கைகளில் கையெழுத்திட வைத்தார். "கீழே மதராசி பேர் இருந்தா எவனும் ரெண்டாவது தடவை பாக்க மாட்டான்" என்று என் முதுகில் தட்டினார். பெருமையாக இருந்தது. அது பெருமைப்படும் விஷயமல்ல என்பது வலிப்பு நோய்க்கான மாத்திரை ஒன்று சோதனைக்கு வந்தபோது தெரிந்தது. மாத்திரைக்குள் மருந்து இருந்தால் மட்டும் போதாது. அது வயிற்றில் உரிய நேரத்தில் கரைய வேண்டும். உடம்புச் சூட்டில் வைத்த நீருள்ள கண்ணாடிக் குடுவைகளில் மாத்திரைகளைப் போட்டுத் துடுப்பு சுழலவிடுவோம். குறித்த நேரத்தில் கொஞ்சம் நீரை எடுத்து, அதன் வழியே புற ஊதா ஒளியைச் செலுத்துவோம். எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்பதைப் பார்த்து, எவ்வளவு மருந்து கரைந்தது என்று கருவி சொல்லிவிடும். அந்த மாத்திரை கரையவில்லை. "ஏக் பார் அவுர் சலா லோ" என்றார் சோப்ரா. இன்னொரு முறை ஓட்டு என்று பொருள். மறுபடி ஓட்டினேன், மறுபடி கரையவில்லை. தேறாத ஓட்டத்துக்கு எங்கள் ஆய்வகத்தில் 'ட்ரயல்' என்று பெயர். தேறினால் அது சோதனை, தேறாவிட்டால் ட்ரயல். ட்ரயல் எந்தக் கோப்பிலும் ஏறாது. மூன்றாம் முறை, நீரை எடுக்க வேண்டிய நேரம் வந்தபோது நான் எழுந்து போய்த் தேநீர் குடித்தேன். துடுப்பு சுழன்றுகொண்டே இருந்தது, மாத்திரை கரைந்துகொண்டே இருந்தது. நிதானமாகத் திரும்பி வந்து எடுத்தேன், எடுத்திருக்க வேண்டிய நேரத்தையே எழுதினேன். கருவி பொய் சொல்லவில்லை. நான் கொடுத்த நீரைப் பற்றிய உண்மையைத்தான் சொன்னது. பொய் முழுவதும் அந்தத் தேநீரில் இருந்தது.

அதன் பிறகு பல தேநீர் குடித்தேன். வாடகை இருந்தது, பிள்ளையின் பள்ளி இருந்தது, மொழி தெரியாத ஊரில் வேலையை விட்டால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. இவையெல்லாம் காரணங்கள்தான், நியாயங்கள் அல்ல. அந்த மாத்திரைப் பெட்டிகள் தெற்கேயும் போயிருக்கும். இதைப் படிக்கும் உங்கள் வீட்டு அலமாரிக்கும் வந்திருக்கலாம்.

என் வீட்டில் வேலை செய்யும் பூங்கொடிக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். அவள் கணவன் ஏழுமலை கொத்தனார். அவனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை தின்றும் நிற்கவில்லை. போன மாதம் சாரத்தில் நிற்கும்போதே இழுத்துவிட்டது, பக்கத்தில் இருந்தவன் சட்டையைப் பிடித்ததால் பிழைத்தான். மேஸ்திரி இனி மேலே ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். "பெரிய டாக்டரு இந்தியில படபடன்னு பேசுது சார். நீங்க வந்து நின்னாப் போதும்" என்று அரசு மருத்துவமனைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

மருத்துவர் இளம்பெண். ஏழுமலையின் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்த அறிக்கை அவர் முன் இருந்தது. மிகக் குறைவு. "மாத்திரையை ஒழுங்காகத் தருவதில்லையா?" என்று பூங்கொடியை இந்தியில் அதட்டினார்.

"நஹீ மேடம், டெய்லி தேத்தா! மை அப்னா ஹாத் ஸே தேத்தா!" தினமும் என் கையால்தான் கொடுக்கிறேன் என்று, தெரிந்த இந்தியில் அவள் கத்தினாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "வாயத் தொறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில கூடப் பாக்குறேன் சார். சொல்லுங்க சார் அதுகிட்ட."

"எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்" என்றார் மருத்துவர். "அங்கிள், நீங்கள் படித்தவர். கொஞ்சம் புரியவையுங்கள். அதே மாத்திரை தொடரட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தவறு பூங்கொடியினுடையதாகிவிடும். அவன் அதே மாத்திரையைத் தின்று இன்னொரு நாள் விழுவான். "மாத்திரை சரியில்லாமல் இருக்கலாம்" என்றேன்.

"லேப் ரிப்போர்ட்டில் பாஸ் ஆகித்தான் அங்கிள் இங்கே வருகிறது."

"இதே வியாதிக்கான மாத்திரைக்கு அப்படி ரிப்போர்ட் எழுதியவன் நான். அது பாஸ் ஆகவில்லை."

இந்தியில் இது எளிதாக வந்தது. யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. இவனுடைய மாத்திரை கெட்டதா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னேன். மருத்துவர் வேறு நிறுவனத்தின் மருந்தை எழுதினார். மிச்சமிருந்த அட்டையைச் சோதனைக்கு அனுப்ப வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு என்னை அங்கிள் என்று அழைக்கவில்லை.

ஏழுமலை மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது பூங்கொடி கேட்டாள். "அதுகிட்ட என்னா சார் சொன்னீங்க? மூஞ்சியே மாறிப்போச்சே."

தமிழில் சொல்ல நேரமாயிற்று. தமிழில் அது நானாகவே இருந்தது. தேநீர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "நான் அவரைத்தான் சார் அடிச்சேன்" என்றாள். "துப்பிட்டியான்னு கேட்டு அடிச்சேன்."

பேருந்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஒன்றும் அறியாத ஏழுமலை என்னைப் பார்த்ததும் எழுந்தான். "உக்காருங்க சார்." பூங்கொடி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ உக்காருய்யா. அவுரு நிப்பாரு." பின்னாலிருந்து ஓர் இந்திக்கார இளைஞன் எழுந்து, "பைட்டியே அங்கிள்ஜி" என்று தன் இடத்தைக் காட்டினான். நான் உட்காரவில்லை. தில்லிப் பேருந்தில் இடம் எவ்வளவு நேரம் காலியாக இருக்கும்? அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர் உட்கார்ந்துகொண்டார். நான் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் கம்பியைப் பிடித்தபடி வந்தேன்.